உத்தமபாளையத்தில் ஒரு புல்லி ஆறிய கதை

காலை ஏழு மணிக்குத் தேனியில் இறங்கிக் கம்பம் வண்டியில் ஏறினேன். உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டர். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறேன். ராயப்பன்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் சூசை தன் கிணற்றுக் கம்ப்ரஸர் பம்புக்கு என்னிடம் வாங்கிய, பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தைக் கடைய முடியவில்லை என்று உத்தமபாளையம் லேத் பட்டறையிலிருந்து போன் வந்திருந்தது. என் வார்ப்பையா குறை சொல்வது? அந்த லேத்துக்காரரை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் கிளம்பினேன்.

எட்டரை மணிக்குப் பட்டறையை அடைந்தேன். லேத்துக்காரர் ஒரு பெண், செல்வராணி. சூசை வாசலில் நின்று அவரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"தண்ணி பாய்ச்சி அஞ்சு நாளாச்சு, பழம் சுருங்குது. வேலை தெரியாத ஆள்கிட்டக் குடுத்தது எந் தப்பு!"

"இந்தா, பட்டறைக்காரகளே வந்துட்டாக. நாலு டூல் மொன்னையாப் போச்சு சார். நீங்களே அரம் போட்டுப் பாருங்க" என்றார் செல்வராணி.

போட்டேன். அரம் கண்ணாடிமேல் ஓடுவதுபோல வழுக்கியது. விளிம்பில் நீட்டியிருந்த துண்டைச் சுத்தியலால் உடைத்தேன். உள்ளே சாம்பல் நிறமாக இருக்க வேண்டியது வெள்ளையாகப் பளபளத்தது. அடக் கடவுளே!

ஊற்றிய இரும்பு மெல்ல ஆறினால் அதிலுள்ள கரி பிரிந்து சிறுசிறு இதழ்களாகப் படியும், அரம் கடிக்கும். வெடுக்கென்று ஆறினால் கரி இரும்போடு சேர்ந்து இறுகிவிடும். ஈரம் மிகுந்த மணல் அச்சில் ஊற்றி, சிவப்பு மாறும் முன்பே அச்சை உடைத்துத் தண்ணீர் தெளித்தவன் நான்தான். லாரியைப் பிடிக்கும் அவசரம். பேசாமல் இருந்தால் பழி செல்வராணியோடு போய்விடும். ஒரு நிமிடம் அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"தப்பு இவங்க மேல இல்லீங்க. என்ர மேலதானுங்க. சரி பண்ணிரலாம், நாளைக் காலைல வரைக்கும் பொறுக்கோணும்."

சூசை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பத்து மணிக்குச் செல்வராணியின் பட்டறையிலேயே கொட்டாங்குச்சிக் கரி போட்டு உலை மூட்டினோம். மூன்று மணி நேரம் புல்லியைச் செக்கச்செவேலென்று வைத்திருந்து, மெல்ல ஆறட்டும் என்று உமிச் சாம்பலில் ஆழப் புதைத்தோம். மாலை ஐந்து மணிக்குச் சூசை கம்பியோடு சாம்பலைக் கிளற வந்தார். செல்வராணி குறுக்கே நின்றார்.

"அண்ணே, இப்பத் தொட்டீகன்னா நாளைக்கும் இதே கதைதேன்."

"அங்கன கொடி வாடுது, இங்கன நான் சாம்பலுக்குக் காவலா?" என்றவர் கம்பியை வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நானூறு ரூபாய் லாட்ஜில் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு எடுத்தபோது அரம் கரகரவென்று கடித்தது. லேத்தில் கருந்தூளாகக் கொட்டியது. செல்வராணி கறுத்த உள்ளங்கையைக் காட்டிச் சிரித்தார். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்துத் தோட்டத்துக்குப் போய்ப் புல்லியை மாட்டினோம். பதினொரு மணிக்குக் குழாய் இருமி இருமித் தண்ணீரைக் கக்கியது.

மேட்டுப்பக்கம் இரண்டு வரிசைப் பந்தலில் பழமெல்லாம் சுருங்கித் தொங்கின. தண்ணீர் விட்டால் தேறுமா என்று கேட்டேன்.

"அது போச்சு சார். இரும்பத் திரும்பச் சுட்டு நேராக்கிட்டீக. இத எதுல போட்டுப் புதைக்க?"

சூசை கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. தேனி வண்டியில் உட்கார்ந்ததும் பட்டறைக்குப் போன் போட்டு, இன்று ஊற்றிய அச்சு எதையும் நான் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்றேன். லாரி காத்திருக்கிறதே என்றார்கள். காலியாகவே போகச் சொன்னேன்.