பூட்டாத கம்ப்யூட்டரும் பண்டமாரான் வீடும்

வீடு விற்றுத் தரும் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்கு விலை ஏறினாலும் திட்டு, இறங்கினாலும் திட்டு. இந்தப் பாட்டைப் பட்டவர்கள் உங்களில் இருந்தால் இப்போதே தலையாட்டுவீர்கள். ரிங்கிட் மதிப்பு சரிந்த அந்த வருஷம் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி ஆபீசில் இருந்தேன்.

திறந்தே இருக்கட்டும்

வெப்சைட்டுக்காக எங்களிடம் இரண்டு சர்வர்கள். ஒன்றில் மக்கள் பார்க்கும் பக்கம். இன்னொன்று என் சோதனைக்கு; எதையும் அதில் செய்து பார்த்த பிறகுதான் வெளியே விடுவேன். விலைக்குறைப்பு சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, அதில் எல்லா வீட்டுக்கும் பாதி விலை போட்டிருந்தேன். முகவரி தெரிந்தால் யாரும் அதை எட்டிப் பார்க்கலாம். அதனால் பாஸ்வேர்ட் போட அனுமதி கேட்டேன்.

பாஸ் ராஜு அண்ணன், விளக்கு வைக்கும் நேரத்தில் ஏர்கான் ஓடினாலும் ஆபீஸ் கதவை விரியத் திறந்துவைக்கிற ஆள். சர்வருக்கும் அதே சட்டம்தான் என்றார். கெஞ்சிப் பார்த்தேன், முறைத்தும் பார்த்தேன். "கதவ சாத்தி வச்சா லெட்சுமி எந்தப் பக்கமா வருவா, தங்கச்சி?"

மேருவிலிருந்து வந்தவர்

லெட்சுமி வரவில்லை, குணா வந்தார். மேருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பண்டமாரானில் எங்கள் மூலம் விற்பனைக்கு வந்திருந்த சரோஜா அக்காவின் வீட்டை மனைவியோடு பார்த்து, விலையும் பேசி முடித்திருந்தவர். அக்காவின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை போய்விட்டது. வீட்டை விற்றுச் சின்ன பிளாட்டுக்குப் போய், மிஞ்சுவதில் மகளைப் படிக்கவைக்கலாம் என்று அக்கா இருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய அன்றைக்கு, குணா ஒரு தாளை நீட்டினார். சோதனைப் பக்கத்தின் பிரிண்ட். பாதி விலை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாஸே பெருமைக்கு அந்த முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அது சும்மா போட்ட விலை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். குணா நம்பவில்லை. பொருளாதார மந்தம் வருகிறது என்று ஊரே பேசும்போது, உண்மை விலையை நாங்கள்தான் ஒளித்துவைக்கிறோம் என்றார். அதைவிட மோசம், அக்காவே அதை நம்பத் தொடங்கிவிட்டார். விலை இன்னும் இறங்குவதற்குள் விற்றுத் தள்ளிவிடலாமா என்று தடுமாறினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அவ படிப்பு போயிடுமா, மா?"

ரவாங் பங்களா, விலை மலிவு

இனி வாயால் சொல்லிப் பயனில்லை. குணாவை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். ரவாங்கில் பாஸ் குடியிருக்கும் பங்களாவைச் சோதனைப் பக்கத்தில் சேர்த்தேன். விலை, ஒரே ஒரு ரிங்கிட். அடுத்த மேசைக் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பங்களா அங்கேயும் ஒரு ரிங்கிட்டுக்கு நின்றது.

பாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். குணா பாக்கெட்டைத் தடவி ஒரு ரிங்கிட் காசை எடுத்து, பாஸின் மேசைமேல் வைத்தார். "சாவி எப்ப தருவீங்க, பாஸ்?"

பூட்டு

சிரித்து முடித்த பிறகு, குணா பேசிய விலைக்கே கையெழுத்துப் போட்டார். அந்த வீடு அவர் மனைவிக்கு எப்போதோ பிடித்துவிட்டது. சரோஜா அக்கா பேனாவை வைத்துவிட்டு அழுதார், நானும்தான். பாஸ் பின்னால் நின்று அவசரப்படுத்த, சர்வருக்குப் பாஸ்வேர்ட் போட்டேன். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் தவிர வேறு எதுவும் நுழைய முடியாதபடி வழியையும் அடைத்தேன். அன்று மாடிப்படியில் மகாராணி மாதிரி இறங்கினேன், சொல்ல வெட்கமில்லை.

சில நாள் கழித்து, அதே வாழையிலைக் கடையில் பாஸ் வேறொரு ஏஜெண்டுக்கு உபதேசம் செய்வதைக் கேட்டேன். "பாஸ்வேர்ட் இல்லாம தொழில் பண்ணாத லா, நான் ஆரம்பத்துலேருந்தே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இந்தத் தொழிலில் எத்தனையோ வீட்டு விலை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், ஆனால் விழுந்ததும் நான் கைதட்டியது என் ஒற்றை விரலால் நானே விழவைத்த அந்த ஒன்றுக்குத்தான்.