மொச்சைக்காய் லைன்

என் சித்தியின் கணுக்காலை ஒடித்தவள் நான்தான் என்று இன்றைக்கும் வீட்டில் சொல்வார்கள். அபாண்டம். பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக அவள் காத்திருந்தபோது பக்கத்தில் நான் பாண்டிக் கட்டம் போட்டேன், அவ்வளவுதான். யூனிஃபார்மோடு நொண்டியடித்துக் கட்டம் தாண்டியது அவள். கால் மடங்கி விழுந்தவளை, வந்து நின்ற அதே பஸ்ஸில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்கோ ஒரே கொண்டாட்டம். ஷிப்ட் ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருந்த சித்தி நாள் முழுக்க என்னோடு இருந்தாள். கட்டின் மேல் மயில் வரைய விட்டாள். கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்த கால் என் கால் போல இளைத்திருந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றிப் பழக வேண்டும், சாயங்காலமானால் வீங்கும், பயப்படாதே என்றார் டாக்டர்.

சித்தியின் பயம் வேறு. செல்போன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் லைனில் எட்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலை அவளுக்கு. பொங்கல் முடிந்ததும் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். எட்டு வயதுக்காரியான என்னிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

ஒருநாள் சித்தி ஒரு புது விளையாட்டைக் கொண்டுவந்தாள். தையல் மிஷின் மேல் பலகை போட்டால் அதுதான் லைன். மொச்சைக்காயை நின்றுகொண்டே உரிக்க வேண்டும். உரிப்பது அவள், சூப்பர்வைசர் நான். தட்டில் கரண்டியால் தட்டினால்தான் டீ டைம். முதல் நாள் அரை மணி நேரம் நின்றாள். பிறகு ஒரு மணி, இரண்டு மணி என்று ஏறியது. நான் கொஞ்சமும் தயவு காட்டவில்லை. வீட்டில் தினமும் மொச்சைக் குழம்பு. அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பெருமூச்சு விட்டார். அம்மாவுக்கு என் மேல்தான் கோபம்.

"உக்கார வுடுடி அவள. மறுபடியும் ஒடிச்சிக்கினா நீயா பாப்ப?"

காணும் பொங்கலன்று ஊரே வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருக்க, நாங்கள் லைன் ஓட்டினோம். டீ டைம், சாப்பாட்டு டைம் போக எட்டு மணி நேரம் முடிந்தது. சித்தி நின்றுகொண்டிருந்தாள். அதிகாரம் தலைக்கேறிப்போன நான் அப்போதுதான் அறிவித்தேன்.

"இன்னிக்கு ஓ.டி. கீது. ஒரு மணி நேரம். யாரும் வூட்டுக்குப் போவக் கூடாது."

சித்தி அதையும் நின்று முடித்தாள். தட்டைத் தட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, வீங்கிய காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். அம்மாவும் அடுப்பை விட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஓ.டி. போட்டது தப்பாகிவிட்டது என்று எனக்கு ஒரே கலவரம்.

"அழாத சித்தி. நாளைக்கு உனக்கு லீவு தரேன்."

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். சரி, போனால் போகிறதென்று இரண்டு நாளாகக் கொடுத்தேன்.