ஆச்சி கேட்ட சரித்திரப் புத்தகம்

ஐம்பதுகளில் திருமயம் பக்கத்து ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். ஞாயிறு மாலைகளில், புதிதாக வந்த புத்தகங்களைப் பற்றி வாசகர்களிடம் கொஞ்ச நேரம் பேசுவேன். யாரும் பேசச் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. ராஜாக்களை விட்டுவிட்டுச் சாதாரண ஜனங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும் சரித்திரம் என்றால் பேச்சு இன்னும் நீளும்.

அன்று எடுத்துக்கொண்டது யுத்தகால பர்மாவைப் பற்றிய புது நூல். "ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நம்ம ஆளுக காடு மலையெல்லாம் நடந்தே வந்தாகளே, அதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவகளுக்கும் வெளங்கும். வீட்டுக்கு வீடு படிக்கணும்" என்று முழங்கினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரு ஆச்சி மட்டும் எழுந்து, "நாளைக்கு வாரேன், எடுத்து வைங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கணவர் பர்மாவில் கடை வைத்திருந்தவர். மகள் தவழ்கிற வயதில் கப்பலேறினார். யுத்தத்துக்குப் பிறகு சேதியே இல்லை. சேதி இல்லாததால் ஆச்சி பொட்டை அழிக்கவில்லை, தாலியும் கழுத்தில் இருந்தது. அந்த மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

மறுநாள் நான் கதவைத் திறப்பதற்குள் ஆச்சியின் கொழுந்தனார் வந்து நின்றார்.

"அந்தப் புத்தகத்தைக் குடுத்துறாதீங்க. வழியில விழுந்தவகளைப் பத்தி எழுதியிருக்காமே. அண்ணன் இல்லைன்னு அவுக முடிவு பண்ணித் தாலியைக் கழட்டிட்டா, மக கல்யாணத்துல முன்னால வந்து நிக்க முடியுமா? தாயி உசிரோட இருந்தும் மூலையில ஒக்காரணுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்த வழக்கத்தின் மேல். ஆனாலும் புத்தகத்தை மேசை டிராயருக்குள் தள்ளினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆச்சி வந்தார்.

"பைண்டிங்குக்குப் போயிருக்குங்க ஆச்சி."

"புதுப் புத்தகம்னு நேத்துத்தானே சொன்னீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் புரட்டி, உதடு அசைய வரி வரியாகப் படித்தார். கொழுந்தனார் வாசலில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். காலராவில் செத்தவர்களைப் பற்றி வரும் பக்கம் எது என்று எனக்குத் தெரியும். அதில் ஆச்சியின் விரல் நின்றது. வெகுநேரம் நகரவில்லை. இவ்வளவு நன்றாக இந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்திருக்க வேண்டாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் புத்தகத்தை மூடினார்.

"இத்தனை பேரு போனாகன்னு எழுதியிருக்காக. ஒருத்தர் பேராச்சும் போட்டிருக்கா?"

"இல்லீங்க ஆச்சி."

"அப்ப எங்க வீட்டுக்கு இன்னும் சேதி வரலை."

வாசல் பக்கம் பார்த்து உரக்கவே சொன்னார். கொழுந்தனார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். குங்குமத்தில் படாமல் துடைத்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பேர் போட்ட புத்தகம் வந்தா எனக்குச் சொல்லுங்க. கல்யாணம் கழிச்சுச் சொல்லுங்க."