புகை கேட்ட அண்ணி

எங்க அண்ணிக்குத் தெருவுல சண்டைக்காரின்னு பேரு. அந்தப் பேரை அவங்க சும்மா வாங்கலை. நாத்தனார் நானே சொல்றேன், அவங்க வாய்க்கு முன்னால என் வாயெல்லாம் ஒண்ணுமே இல்லை.

எங்க வீட்டுக்குப் பின்னாடியே சிமெண்ட் ஆலை. மொட்டைமாடியில துணி காயப்போட்டா சாம்பல் பூசிக்கிட்டுத்தான் திரும்பி வரும். எங்க அண்ணன் அந்த ஆலையிலதான் மூட்டை தைச்சாரு. நெஞ்சு முழுக்க சிமெண்டை அடைச்சுக்கிட்டு வீட்டோட வந்து உட்கார்ந்துட்டாரு. படுத்தா மூச்சு முட்டும். அதனால வருஷக்கணக்கா நாற்காலியில, முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குறாரு. அதைத் தூக்கம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

அண்ணி தையல்காரி. மெஷினை மூடி வெச்சுட்டு, தெருப் பொம்பளைங்களைத் திரட்டிக்கிட்டுப் போய் ஆலை வாசல்ல உட்கார்ந்தாங்க. மேனேஜர் கார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. ஒரு தடவை அவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"ன்னு கேட்டாரு. "இருந்துச்சு சார். நான் தைக்கிற வெள்ளைச் சட்டையை எல்லாம் நீங்க கறுப்பாக்கிடுறீங்க. அதான் லீவு போட்டுட்டேன்"னாங்க. கடைசியில ஆலையை மூடணும்னு உத்தரவே வந்துடுச்சு. கெடுவும் வெச்சுட்டாங்க. அன்னிக்கு அண்ணன் நாற்காலியில இருந்தபடியே, இருமல் வர்ற வரைக்கும் கை தட்டினாரு.

அப்புறம் வந்தாங்க புண்ணியவானுங்க. ஆலைச் சுவரை ஒட்டியே புதுசா ஒரு கம்பெனி. புகையில இருக்குற கார்பன் டை ஆக்சைடைப் பிரிச்சு, அதை வெச்சு மெத்தைக்கு நுரை செய்வாங்களாம். "நுரைக்காகப் பூமிக்கு அடியில இருந்து எண்ணெய் எடுக்குறது குறையும், இது தீராத சரக்கும்மா"ன்னு படம் போட்டுக் காட்டினாங்க. அதுல பொய் இல்லை, நுரை நிஜமாவே வந்துச்சு. போராடினவங்களுக்கே முதல்ல வேலைன்னும் சொன்னாங்க. அண்ணி வாயெல்லாம் பல்லா வந்து நின்னாங்க. "பாத்தியா, அந்தச் சனியனைப் பிடிச்சு மெத்தைக்குள்ள அடைக்கப் போறாங்க!"

கம்பெனிக்கு யாரும் குறுக்கே நிக்காதீங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கிப் பேசினதே அண்ணிதான். எவ்வளவு புகையை எடுப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேட்க எங்க யாருக்கும் தோணலை. அவங்க எடுத்தது ஒரு கைப்பிடி. மிச்சமெல்லாம் பழையபடி மேலே போச்சு, தூசும் சாம்பலும் பழையபடி எங்க தலையில. அதோட மூடுற உத்தரவும் போச்சு. புகை இப்போ கழிவு இல்லையாம், மூலப்பொருளாம். மூலப்பொருள் தர்ற ஆலையை எப்படி மூடுறதுன்னு எங்களையே திருப்பிக் கேட்டாங்க.

கம்பெனி ஆரம்பிச்ச சந்தோஷத்துல வேலைக்காரங்களுக்கு ஆளுக்கொரு மெத்தை கொடுத்தாங்க. படுக்கவே முடியாத மனுஷன் இருக்குற வீட்டுக்கு மெத்தை! பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காம சுவத்துல சாத்தி வெச்சோம். "நான் விட்ட மூச்சும் அதுக்குள்ள இருக்கும், பத்திரமா வைங்க"ன்னு அண்ணன் சிரிச்சாரு.

அண்ணிக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? தொட்டியில வாயு எவ்வளவு இருக்குன்னு காட்டுற முள்ளைப் பாத்துக்கிட்டு உட்காரணும். முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கினா, ஆலையில சூளையைப் பாத்துக்குறவருக்கு போன் போட்டு, "அண்ணே, புகை வேணும்"னு சொல்லணும். அவ்வளவுதான். சிமெண்ட் வியாபாரம் படுத்துப்போய், குடோன் நிறைய மூட்டை தேங்கிக் கிடந்துச்சு. அண்ணி கேட்டாத்தான் சூளையைப் பத்த வைக்கிறதுன்னு ஆகிப்போச்சு. அதை நிறுத்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தின அதே வாய்! வேலையை விட்டுத் தொலைங்கன்னு ஒருநாள் கத்தியே விட்டேன். "விட்டா உங்க அண்ணனுக்கு மருந்து யாரு தருவா, நீயா?"ன்னாங்க. கம்பெனி ஆஸ்பத்திரியிலதான் அண்ணனுக்கு மருந்து.

போன மாசம் சூளைக்குள்ள செங்கல் பெயர்ந்து, ரிப்பேருக்காகச் சேர்ந்தாப்ல நாள்கணக்கா நிறுத்தினாங்க. தொட்டி நிறைஞ்சிருந்ததால கம்பெனி பாட்டுக்கு ஓடுச்சு. வானம் வெளுத்துச்சு. நாலைஞ்சு நாள்ல அண்ணனுக்கு இழுப்பு குறைஞ்சுச்சு. ஒரு மத்தியானம், "அந்த மெத்தையைக் கொஞ்சம் போடேன்"னாரு. உறையைக் கிழிச்சு விரிச்சேன். பயந்து பயந்து படுத்தாரு. மல்லாந்து படுத்தாரு! குறட்டை விட்டாரு. சாயங்காலம் அண்ணி வந்தப்பவும் தூங்கிக்கிட்டு இருந்தாரு. அந்தக் கர்ண கடூரமான குறட்டையைக் கேட்டுக்கிட்டு நானும் அண்ணியும் அடுப்படியில நின்னு அழுதோம்.

ரிப்பேர் முடிஞ்சுது. முள்ளும் இறங்கிக்கிட்டே வந்துச்சு. அண்ணி போன் போடலை. சூளைக்காரர் அவராவே கூப்பிட்டு, "என்னம்மா, பத்த வைக்கவா?"ன்னு கேட்டா, "இருக்கட்டும்ணே, நிறைய இருக்கு"ன்னு வாய் கூசாமப் பொய் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் தூங்கினாரா?"ன்னு மட்டும் கேட்பாங்க. முள் சிவப்பைத் தாண்டுச்சு, மெஷின் திணற ஆரம்பிச்சுது. சூப்பர்வைசர் வந்து அண்ணிக்குப் பின்னாடி நின்னாரு. திட்டக்கூட இல்லையாம். போனை எடுத்துக் கையில கொடுத்தாராம். "கூப்பிடுங்கம்மா. இல்லேன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்து கூப்பிடும்."

அண்ணி கூப்பிட்டாங்க.

அன்னிக்குப் பாதி வேலையில வீட்டுக்கு ஓடி வந்தாங்க. பட்டப்பகல்ல ஜன்னலை எல்லாம் சாத்தினாங்க. கதவிடுக்குல ஈரத்துணியைத் திணிச்சாங்க. அண்ணன் மெத்தையில அசந்து தூங்கிக்கிட்டு இருந்தாரு. சாயங்காலத்துக்குள்ள இருமல் அவரை எழுப்பிடுச்சு. ஜன்னலைப் பாத்தாரு, துணியைப் பாத்தாரு.

"யாரு பத்த வைக்கச் சொன்னது?"

"நான்தான்"னாங்க அண்ணி.

சண்டை போடுவாருன்னு நினைச்சேன். போட்டிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தானே எழுந்து நாற்காலிக்குப் போனாரு. தலையணையை முதுகுக்கு வெச்சுக்கிட்டாரு. மூச்சு வாங்கி முடிச்சுட்டு, "மெத்தை நல்லாத்தான் செய்யுறீங்க"ன்னாரு.

எங்க சண்டைக்காரி மெத்தையைத் தூக்கி மறுபடியும் சுவத்துல சாத்தி வெச்சாங்க.