அண்ணா பென்சிலால் இட்ட அம்புக்குறி

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினரே, நண்பர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா மாரடைப்பால் இறந்தார். துவக்குச் சூட்டால் இறக்கவில்லை. நினைவு மலரை இப்படித் தொடங்குவது முறையல்ல என்று எனக்கும் தெரியும். பிறந்த ஊர், பெற்றோர், படித்த பள்ளி என்று ஒழுங்காக எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். ஆனால் செத்த வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அண்ணியின் கையைப் பிடித்து அழுதார்களே தவிர, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கதை தெரிந்திருந்தது. அந்தக் கதை நீர்கொழும்பில் சின்னம்மா வீட்டில் இருக்கும் எங்கள் அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. ஆகவே நான் இதை எழுதுவது முதலில் அம்மாவுக்கு, பிறகுதான் உங்களுக்கு.

அண்ணா மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா கடலோடு போனபோது அண்ணா பள்ளிக்கூடப் பிள்ளை, நான் கைக்குழந்தை. விடியற்காலையில் மீன்வாடியில் வேலை செய்துவிட்டு, கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போவார். படித்து முடித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் ஆனார். என் கலியாணத்தை நடத்தி வைத்த பிறகுதான் தன் கலியாணத்தைப் பற்றி யோசித்தார். கடவுள் அவர்களுக்குப் பிள்ளைச் செல்வத்தைத் தரவில்லை. என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் ஒக்லாந்துக்கு வந்துவிட்டோம். அண்ணாவும் அண்ணியும் ஊரில் பதுங்குகுழிக்குள் பல மாதம் இருந்தார்கள். பிறகு வள்ளம் ஏறித் தமிழ்நாட்டு முகாமுக்குப் போய், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவாறு மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா மட்டும் கடல் தாண்ட மாட்டேன் என்றுவிட்டார்.

அண்ணாவுக்கு நியூ லின்னில் கதவு, ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உழைப்புக்கு அவர் அஞ்சியதில்லை. சத்தத்துக்குத்தான் அஞ்சினார். வாள் இயந்திரத்தின் இரைச்சல் அவரை ஒன்றும் செய்யாது. திடீரென்று ஒரு கதவு அடித்துச் சாத்தினால் போதும், முகம் வெளிறிவிடும். நவம்பரில் இங்கத்தைப் பிள்ளைகள் வாணம் விடும் அன்று அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அண்ணி வெளியே கதவோரம் நின்று ஏதாவது கதைத்துக்கொண்டே இருப்பார். அண்ணா இங்கே சந்தோசமாக இருந்தார் என்று நான் பொய் எழுத மாட்டேன். நாட்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த காலங்கள் உண்டு. அதைப் பார்த்தவர்கள்தான் பின்னால் அந்தக் கதையைச் சுலபமாக நம்பினார்கள்.

தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலை செய்தவர் கென் என்ற வெள்ளைக்காரர். அவர் சனிக்கிழமைகளில் பழங்காலத்துத் துவக்குச் சுடும் கழகம் ஒன்றுக்குப் போய் வருபவர். வன்னியில் வேட்டைக்காரர் வைத்திருந்த இடியனை அம்மாவுக்குத் தெரியும். அந்த வகைதான். குழல் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் துணியில் சுற்றிக் கோலால் இடித்து இறக்கி, கடைசியாக நெருப்புப் பொறி தரும் சின்னச் செப்புத் தொப்பியை மாட்டிச் சுட வேண்டும். கென் ஒருநாள் சும்மா பார்க்க வா என்று அண்ணாவைக் கூட்டிப்போனார். சில மாதத்தில் அண்ணா தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! துவக்குக்குப் பயந்து ஊர் விட்டு ஊர் ஓடிவந்த மனிதர் காசு கொடுத்துத் துவக்கு வாங்குவதா, சனம் என்ன கதைக்கும், இயக்கத்தில் இருந்தவர் என்றல்லவா முடிவு கட்டும் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். நான் ஏசி முடியும் வரை பொறுமையாக இருந்துவிட்டு அண்ணா சொன்னார்:

"அது நான் மருந்து போட்டு, நான் இடிச்சு, நான் இழுத்தால் மட்டும்தான் வெடிக்கும், தங்கச்சி. மற்ற எல்லாச் சத்தமும் என்னைக் கேளாமல் வந்தது."

அனுமதி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

இந்த நாட்டில் துவக்கு அனுமதி கேட்டால் பொலிஸ் வீட்டுக்கு வந்து மனைவியைத் தனியாக விசாரிக்கும். அண்ணிக்கு ஆங்கிலம் ஓடாததால் மொழிபெயர்க்க நான் கூட இருந்தேன். சீருடைக்காரர் சோபாவில் இருந்ததைக் கண்டதும் அண்ணி கதவோரமே நின்றுவிட்டார். அந்த மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார், இவர் வீட்டில் துவக்கு வைத்திருப்பது உங்களுக்குப் பயமாக இருக்காதா என்று. வேண்டாம் என்று அண்ணி ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றோடு காரியம் முடிந்திருக்கும். அண்ணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குத் துவக்கைக் கண்டால் பயம். இவரைக் கண்டால் பயமில்லை."

அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு தரம் நானும் அந்தச் சுடுதளத்துக்குப் போனேன். நகருக்கு வெளியே, மழைச் சேறும் பற்றைக்காடுமாக ஓர் இடம். அண்ணா மணல் மூட்டையின் மேல் துவக்கைச் சாய்த்துவிட்டு, எனக்கு முதல் வேலையாகக் காதடைப்பான் மாட்டிவிட்டார். பழைய மாதிரியில் செய்த புதுத் துவக்கில் குழல் நுனியில் நிற்கும் சின்னத் தகட்டை வேண்டுமென்றே உயரமாக விட்டிருப்பார்களாம். அதனால் குண்டு குறிக்குக் கீழேதான் போகும். தகட்டை அரத்தால் அராவ அராவக் குண்டு மேலே ஏறி வரும். கூட அராவிவிட்டால் குறிக்கு மேலே போய்விடும், அதற்குப் பிறகு திருத்த வழியில்லை. ஒரு வெடியைப் பார்த்து அரத்தை எடுக்கவே கூடாது என்பது கென் சொல்லிக்கொடுத்த சட்டம். மூன்று வெடி வைத்து, மூன்று ஓட்டையும் சேர்ந்து எங்கே நிற்கின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அண்ணா குறித்தாளில் விழுந்த ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, அவை போக வேண்டிய பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி இடுவார். வீட்டுக்கு வந்து கிழமை நடுவில் இரண்டொரு இழுவை அராவுவார். அடுத்த சனிக்கிழமை போய்த் திரும்பச் சுட்டுப் பார்ப்பார். மாதக்கணக்கில் இதுதான் வேலை.

"சுடப் போறியளோ, அராவப் போறியளோ?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

"அராவினதைத் திருப்பி ஒட்ட ஏலாது, தங்கச்சி" என்பார்.

அந்த வருடம் வாண நாளில் அவர் குளியலறைக்குப் போகவில்லை. வாசலில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நின்றார். அண்ணி குசினிக்குள் போய் அழுததை நான் கண்டேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. கென் எனக்கும் அண்ணிக்கும் முன்னால் இருந்து சொன்னதை ஒன்றும் கூட்டாமல் எழுதுகிறேன். எல்லோரும் சுட்டு முடிந்ததும் பொறுப்பாளர் குரல் கொடுப்பார். உடனே துவக்குகளை வெறுமையாக மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் விலக வேண்டும். அதன் பிறகு ஒருவரும் துவக்கைத் தொட முடியாது. குறித்தாளைப் பார்க்க எல்லோரும் சேர்ந்து நடந்து போவார்கள். அண்ணாவும் அப்படித்தான் துவக்கை வைத்துவிட்டுக் கென்னோடு கதைத்துக்கொண்டு நடந்தார். தாளைக் குனிந்து பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து வட்டம் போட்டார், அம்புக்குறி இட்டார். பலகையில் கையை ஊன்றினார், அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கென் சட்டையைக் கழற்றி அவர் தலைக்குக் கீழே வைத்தார். அம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று வைத்தியர்கள் பரிசோதித்துச் சொன்னார்கள்.

சுடுதளத்தில் நடந்த சாவு என்பதால் பொலிஸ் வந்தது. பொலிஸ் வந்தது என்பதை மட்டும் கேள்விப்பட்ட உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், தொலைபேசியை எடுத்தார். பொழுதுபடுவதற்குள் ஒக்லாந்து முழுக்க அண்ணா தன்னைத் தானே சுட்டுக்கொண்டுவிட்டார். தன்னுயிரை மாய்த்தவருக்குப் பங்குச் சுவாமி பூசை வைப்பாரோ என்றுகூட யாரோ கேட்டார்களாம். சுவாமியோ எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து செபம் சொன்னார். மறுநாள் நான் நீர்கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபோது அம்மா அழவில்லை.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. அவன் தன்ர கையாலயோ?"

"இல்லை அம்மா. நெஞ்சுநோ."

"ஓம்... ஓம். நீ வேற என்னத்தைச் சொல்லப் போறாய்."

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் எடுத்துவிட்டேன். அம்மா என் சுகம் கேட்பார், அண்ணியின் சுகம் கேட்பார், அண்ணாவின் பேச்சை எடுக்கமாட்டார். அம்மா அண்ணாவின் ஆத்துமத்துக்காகச் செபிக்கிறாரா, அண்ணாவின் பாவத்துக்காகச் செபிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் நெஞ்சைக் கிடந்து அறுப்பது இதுதான். வாயால் சொல்வதை அம்மா எப்போதும் பாதிதான் நம்புவார், அச்சில் கண்டதை முழுவதும் நம்புவார். இம்மலரை அச்சிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

இவ்விடத்தில் நன்றி கூற வேண்டியவர்களுக்குக் கூறுகிறேன். சட்டையைக் கழற்றிக் கொடுத்துக் குளிரில் நின்ற கென் அவர்களுக்கு, செபித்த சுவாமிக்கு, சோறும் கறியும் சமைத்துக் கொண்டுவந்த மவுண்ட் ஆல்பர்ட் சகோதரிகளுக்கு, பூதவுடலைச் சுமந்த தம்பிமாருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கதை பரப்பியவர்களையும் அண்ணா மன்னித்திருப்பார். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் படமோ பாட்டோ இல்லாமல் வட்டமும் ஓட்டையுமாக ஒரு தாள் இருப்பதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அது அண்ணா அன்று பார்த்த குறித்தாள். கென் கழற்றிக் கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தார். அதை வைப்பதா என்று சிலர் தடுத்தபோது, அதைத்தான் வைக்க வேண்டும் என்று சொன்னவர் அண்ணி. உங்களுக்குக் கிடைப்பது அச்சுப் பிரதி. அசல் அம்மாவுக்கு அனுப்பும் மலருக்குள் இருக்கிறது.

அம்மா, சின்னம்மா இதை உங்களுக்கு வாசித்துக் காட்டி முடித்ததும் அந்தத் தாளைக் கையில் எடுங்கள். மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில், குறிக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. அவற்றிலிருந்து மேல்நோக்கிப் போகும் பென்சில் அம்புக்குறி உங்கள் மகன் போட்டது. துவக்கைத் தூர வைத்துவிட்டு வந்து, அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும் என்று தனக்காகக் குறித்து வைத்தது.