பூசணிக்காயும் பாதித் தவணையும்

திருஷ்டி கழிய வேண்டும் என்றுதான் ஆயுத பூஜையன்று வண்டிக்கு முன்னால் பூசணிக்காய் உடைப்பார்கள். நான் உடைத்த பூசணிக்காயின் மேல் நானே கால் வைத்து, வழுக்கி விழுந்து, வலது காலை முறித்துக்கொண்டேன். வண்டிக்குக் கீறல்கூட இல்லை. அதற்கு இருந்த திருஷ்டி இறங்கி நேராக என் மேல் ஏறிக்கொண்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மாவுக்கட்டோடு திண்ணையில் படுத்திருந்த என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

வண்டி என்றால் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிவந்து சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளில் இறக்குவதுதான் பிழைப்பு. வங்கிக் கடனில் வாங்கிய வண்டி. கடன் என் பேரில், கூட்டுக் கையெழுத்து என் மனைவியுடையது. கட்டுப் போட்ட கால் தவணை கட்டாதே, கையிருப்பு கரைந்தது. "சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு கெடந்தா ஆச்சா? போய்க் கேப்போம், கொறச்சுக் கட்டுறோம்னு சொல்லுவோம்" என்று அவள்தான் என்னை ஆட்டோவில் ஏற்றி வங்கிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். பொறுமைசாலி. "ஆறு மாசத்துக்குப் பாதித் தவணை கட்டுங்கண்ணே" என்று ஆரம்பித்து நிறையச் சொன்னார். எனக்குப் 'பாதி' என்ற சொல்லோடு காது அடைத்துக்கொண்டது. அப்புறம் அவர் பேசிய நேரம் முழுக்க, மிச்சமாகும் பணத்தில் என்னென்ன செய்யலாம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கவனமாகக் கேட்டிருப்பாள் என்ற தைரியம்தான். அவளோ அந்த அதிகாரியின் ரவிக்கைக் கையில் இருந்த மயிலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது கையால் போட்டதா, மெஷினில் போட்டதா என்பதுதான் அப்போது அவளுடைய கவலை. இருவரும் கும்பிடு போட்டுவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

கால் சரியானது. பாதித் தவணைக் காலம் முடிந்து முழுத் தவணையும் கட்ட ஆரம்பித்தேன். கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

என் மனைவி கல்யாண ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி போடுகிறவள். கையால் ஒரு ரவிக்கை முடிப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும் என்று ஆர்டர்கள் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன. எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதை எங்கே வைப்பது என்றுகூட முடிவாகி, அந்த மூலையிலிருந்து என் கட்டிலை ஏற்கெனவே நகர்த்தியிருந்தாள். தன் பேரில் கடன் கேட்டு அதே வங்கிக்குப் போனாள். கிடைக்காது என்றார்கள். அவளுடைய கிரெடிட் ஸ்கோர் இறங்கியிருந்தது. 'கடன் மாற்றியமைக்கப்பட்டது' என்று அவள் பேரிலும் பதிவாகியிருந்தது.

"வண்டி உங்களுது, காலு உங்களுது, பூசணிக்காயும் நீங்க வாங்கியாந்தது. எம் பேருல எதுக்கு எழுதிருக்காய்ங்க?" என்று கேட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்குப் பாதித் தவணைதான் விழுந்தது. அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காலி மூலையை மட்டும் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், உள்ளே புகுந்தார். ஊரில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எல்லாவற்றையும் பேசித் தீர்க்கிறவர். "மாப்ள, இதெல்லாம் ஒரு விசயமா? உங்க மேல தப்பான பேரு விழுந்திருக்கு. நாலு பெரிய மனுசங்களக் கூட்டிட்டுப் போயி, இவரு நாணயமானவருன்னு சொன்னா அழிச்சிட்டுப் போறாக" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாப் பேச்சும் இப்படித்தான் முடியும். எனக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன்.

பெரிய மனிதர்களாக எங்களுக்குக் கிடைத்தவர்கள் மளிகைக்கடை அண்ணாச்சியும் வீட்டுக்கார அம்மாவும்தான். அந்த அம்மா வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். எங்களோடு பேசுவது மதுரைத் தமிழ். வங்கிக்கு வருவதால் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். எல்லோரும் குட்டியானையில் ஏறிப் போனோம். முன்சீட்டில் அந்த அம்மா, பின்னால் தக்காளிப் பெட்டிகளின் மேல் மற்றவர்கள். வங்கி வாசலில் வெற்றிலை பாக்குத் தட்டோடு நாங்கள் இறங்கியதைப் பார்த்த காவலாளி, உள்ளே யாருக்கோ பெண் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கதவை அகலத் திறந்துவிட்டார்.

அதே அதிகாரி. தட்டைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். மச்சான் தொண்டையைச் செருமி விஷயத்தைச் சொல்லி, "நீங்களே விசாரிச்சுக்கங்க தாயி" என்று சாட்சிகளைக் கைகாட்டினார்.

வீட்டுக்கார அம்மா முதலில் பேசினார். "தங்கமான மனுசர். வாடகை அஞ்சாந்தேதி தரணும், இருவதுக்குள்ள எப்படியும் தந்துருவாரு. அடுத்த மாசத்துக்குப் போனதே இல்ல."

அதிகாரி தலையை ஆட்டினார். என் வேட்டி எனக்குக் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தது.

"பாக்கி இருந்தா சில பேரு சுத்திக்கிட்டு அடுத்த தெரு வழியாப் போவாய்ங்க மேடம்" என்றார் அண்ணாச்சி. "இவரு அப்பிடி இல்ல. நேரா கடைக்கு வந்து, பாதி இந்தாங்க, மீதி பெறகுன்னு சொல்லிட்டு மறுபடியும் சாமான் வாங்கிட்டுப் போவாரு. அந்தத் தைரியம் யாருக்கு வரும்?"

நான் அவரை ஜாடை காட்டி நிறுத்தப் பார்த்தேன். அதை மச்சான், அடுத்து நீங்கள் பேசுங்கள் என்று எடுத்துக்கொண்டார். "அட, தோடு வாங்க எங்கிட்டக் கைமாத்தா வாங்குன பணமே இன்னும் வரல. நான் ஒரு நாள் கேட்டுருப்பேனா? அம்புட்டு நம்பிக்க!"

என் மனைவியின் கை தானாகக் காதுக்குப் போனது. கல்யாண நாளுக்கு நான் வாங்கித் தந்த தோடு. ரொக்கம் கொடுத்து வாங்கினேன் என்று சொல்லியிருந்தேன். கொடுத்தது ரொக்கம்தான். யாருடைய ரொக்கம் என்று அவள் கேட்கவில்லை.

"நல்லாருக்கு" என்றாள். அந்த வார்த்தை எங்கள் இருவரில் யாருக்கு என்று தெரியாமல் மச்சானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதிகாரி சிரிப்பை அடக்கி, எல்லோருக்கும் டீ வரவழைத்தார். "யாரும் உங்களத் தப்பா எழுதலண்ணே. கேட்டுக்கிட்டுக் கொறச்சுக் கட்டுனீங்க, நல்லதுதான். கட்டாமயே விட்டுருந்தா இதவிட மோசமாயிருக்கும். ஆனா கொறச்சுக் கட்டுனது கொறச்சுக் கட்டுனதுதான், அது பதிவாகத்தான் செய்யும். அக்காவும் கையெழுத்துப் போட்டதால அவங்க பேருலயும் ஏறும். நான் அன்னைக்கே சொன்னேனே?"

"அன்னைக்கு ஒங்க மயிலப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன் மேடம்" என்றாள் என் மனைவி. "அத எப்பிடி அழிக்கிறது?"

"அழிக்க முடியாதுக்கா. தவணைய முழுசா, தேதி தவறாமக் கட்டிட்டே வாங்க. மெல்ல மெல்லத்தான் ஸ்கோரு ஏறும். அதுக்கு ஆளு கூட்டிட்டு வர வேணாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது முன்சீட்டை வீட்டுக்கார அம்மா என் மனைவிக்கு விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து தவணை அவள் பொறுப்பு. என் சட்டைப்பையில் கை விடுவதற்கு முன்னால் அவள் கேட்பதில்லை. டீக்குக்கூட நான் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. வருடம் தாண்டிய பிறகு மெஷினுக்காக வங்கியில் மறுபடியும் கேட்டாள். கேட்டதைவிடக் குறைவாக, வட்டி கொஞ்சம் கூடுதலாக, கடன் கிடைத்தது. நான் பேனாவோடு போயிருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க எங்கயும் போட வேணாம்" என்றாள். "வண்டிய மட்டும் எடுத்துட்டு வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வண்டியை எடுத்து வந்தேன். மெஷின் இறங்கியபோது திருஷ்டிக்குப் பூசணிக்காய் வாங்கட்டுமா என்றேன். எலுமிச்சம்பழம் போதும் என்றாள், அதையும் அவளே நசுக்கினாள்.

முதல் கல்யாண ஆர்டரின் பணம் வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தோட்டுப் பாக்கியைக் கொடுத்தாள். மச்சான் பெருந்தன்மையாக, பாதி போதும், மீதி மெல்லத் தரலாம் என்றாராம். பாதி என்கிற பேச்சே வேண்டாம் என்று முழுசாக முடித்துவிட்டு வந்தாள். வந்ததும் கண்ணாடி முன்னால் நின்றாள்.

"இப்ப இந்தத் தோடு நான் வாங்குனது."

"அப்ப நான் ஒனக்கு வாங்கித் தந்தது?"

"மெஷின் வைக்க எடம்" என்று சொல்லி, என் கட்டில் இருந்த மூலையைக் காட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. பிறகு ஒரு தோடு தளர்ந்திருக்கிறது என்று காதைக் காட்டினாள். திருகாணியை நன்றாக இறுக்கிவிட்டேன். அடுத்தவர் பொருள் அல்லவா.