காக்காவின் பெட்டியும் தம்பியின் பெட்டியும்

ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியை யாரும் வாங்குவதில்லை. பழைய ஸ்பீக்கர்களில் பைத்தியமாய்த் திரிகிறவர்களுக்குச் சோடி வேண்டும். அதிலும் சிலருக்குப் பின்பக்கத் தகட்டிலுள்ள இலக்கங்கள் அடுத்தடுத்து வர வேண்டும். கொம்பனியிலிருந்து ஒன்றாக வெளியே வந்த சோடி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எங்கள் வட்ஸ்அப் குழுவில் கண்டியைச் சேர்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு படம் போட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இலக்கம் என்ன, தம்பி?" என்பதுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்று ரேடியோக் கடையில் வேலைக்குப் போனவன். பெட்டியைத் திறந்தால் எனக்குப் பயமில்லை. மனிதர்களிடம் போய்க் கேட்பதுதான் கஷ்டம். பழைய பெட்டிகளை வாங்கித் திருத்தி விற்கும் இந்தத் தொழிலில் திருத்துவது கால்பங்கு, கேட்பது முக்கால்பங்கு. அது தெரியாமல் இறங்கிவிட்டேன்.

அந்தப் பெட்டியை அக்கரைப்பற்றில் ஓர் அரிசிக் கடையில் கண்டேன். மேலே தராசை வைத்திருந்தார்கள். பழைய ஜப்பான் சாமான், இடுப்பளவு உயரம். நேரே கேட்கக் கூச்சமாக இருந்தது. அரைக் கிலோ பயறு வாங்கி, மிச்சக் காசையும் வாங்கிய பிறகுதான் கேட்டேன்.

"வாப்பா குவைத்தால கொண்டு வந்தது. ரெண்டு இருந்திச்சு. ஒண்டு எனக்கு, மத்தது காக்காக்கு" என்றார் கடைக்காரர்.

"சோடியப் பிரிச்சிட்டீங்களா?"

"வாப்பா மவுத்தானாப் பொறகு வயலப் பிரிச்சம், தென்னந்தோட்டத்தப் பிரிச்சம். இதப் பிரிக்க ஏலாதா?"

வயலைப் பிரித்தபோது ஒரு வரம்பில் பேச்சுத் தடித்து, அண்ணனும் தம்பியும் கதைப்பதை விட்டுப் பதினொரு வருடமாகிறதாம். காக்கா, அண்ணன்தான், சாய்ந்தமருதில் இருக்கிறார். பெட்டியைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"தர மாட்டன் எண்டு சொல்லல்ல. காக்கா முதல் குடுக்கட்டும். பொறகு நான் தாறன்."

தராசை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பின்பக்க இலக்கத்தைப் பார்க்க விட்டார். பதினேழில் முடிந்தது.

சாய்ந்தமருதில் காக்கா முன்பு மீன் வாடி வைத்திருந்தவர். அவருடைய பெட்டி வீட்டு மண்டபத்தில் பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது. அதன்மேல் மணிக்கூடு. பக்கத்தில் வாப்பாவின் பழைய அம்ப்ளிபயரும் கசற் பிளேயரும். இலக்கம் பதினெட்டில் முடிந்தது. ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தேன். அவர் துணியை மறுபடி இழுத்து மூடினார்.

"நான் மூத்தவன். நான் முதல் குடுத்தா எறங்கிப் போனதா ஆயிரும். அவன் குடுக்கட்டும்."

என் ஊர் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் எனக்கு இடுப்பு இரண்டு நாள் வலிக்கும். மூன்று தரம் போய் வந்தேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்வேன். "அவர்ட பெட்டியில மீன் மணக்கும், பாத்து வாங்குங்க" என்பார் தம்பி. "அவன்ட பெட்டிக்குள்ள அரிசியா புழுவா எண்டு கேள்" என்பார் காக்கா. மீனையும் புழுவையும் நான் கொண்டுபோகவில்லை. மிச்சத்தைக் கொண்டுபோனேன்.

நான்காம் தரம் காக்காவின் வாசற்படலையில் நின்றேன். நல்ல வெயில். கண்டிக்காரர் காலையில் கேட்டிருந்தார், சோடி கிடைக்குமா கிடைக்காதா என்று. காக்கா உள்ளேயிருந்தபடி, "குடுத்திட்டானா அவன்?" என்றார்.

"ஓம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நினைத்துப் பார்த்தால் யோசிக்காமலும் சொல்லவில்லை. அவர் பெட்டியடிக்குப் போனார். பிறகு மணிக்கூட்டை எடுத்து நிலத்தில் வைத்தார்.

அந்தப் பெட்டியைப் பின்சீற்றில் கட்டிக்கொண்டு அப்படியே அக்கரைப்பற்றுக்கு விட்டேன். அங்கே பொய் தேவைப்படவில்லை. தம்பி பெட்டியைக் கண்டு சிரித்தார். "காக்கா எறங்கிட்டார்" என்று சொல்லித் தராசை இறக்கினார். இரண்டு பேரும் நான் கொடுத்த காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சொன்னாள், "ஒங்கட வாயால வாறதே ஒரு நாளைக்கு ஒரு சொல்லுதான். அதையும் பொய்யாச் சொல்லிட்டு வந்திரிக்கீங்க."

இரண்டு மாதம் வேலை செய்தேன். தம்பியின் பெட்டிக்குள் உண்மையிலேயே அரிசி வண்டு இருந்தது. காக்காவினதில் பல்லி முட்டையும், உப்புக் காற்றில் துருப்பிடித்து அசையாத ஆணிகளும். சத்தம் எழுப்பும் காகிதக் கூம்பின் ஓரத்தில் வரும் பஞ்சு வளையம் இரண்டிலும் கருப்பட்டிப் பாகு மாதிரி இளகிப் போயிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். புது வளையம் ஒட்டும்போது கூம்பு மயிரளவு சரிந்தாலும் உள்ளேயிருக்கும் கம்பிச் சுருள் உரசும். பத்து விரலாலும் மெதுவாக அமத்தி, காதை வைத்துக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தறி ஓடும்போது அது கேட்காது. தறி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பலகையில் தராசு தேய்த்த இடத்துக்கு மெல்லிய பலகைத் துண்டு ஒட்டி, கடும் சாயத் தேயிலை பூசினேன். மனைவிதான் சாயம் ஊற்றித் தந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு இரண்டையும் அம்ப்ளிபயரில் பூட்டிப் பாட்டுப் போட்டேன். நல்ல சோடி என்றால் பெட்டி பாடுவதாகத் தெரியாது. பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில், வெறும் சுவரடியில் நிற்பார். நின்றார். கண்டிக்காரருக்கு எழுதினேன். அடுத்த வாரம் வான் பிடித்து வருவதாகச் சொன்னார்.

அந்த வாரம் சாய்ந்தமருதில் அவர்களுடைய சொந்தத்தில் ஒரு ஜனாஸா அடக்கம். தம்பி வந்திருக்கிறார். நாலு பேருக்கு முன்னால் பெட்டிக் கதை வந்திருக்கிறது. யார் முதலில் கொடுத்தது என்பதும் வந்திருக்கிறது. மறுநாள் காக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு வாறன். அவனையும் வரச் சொல்லு."

நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

வந்தார்கள். ஒருவர் கதவோரம், ஒருவர் யன்னலோரம். நடுவில் நான் பிளேன்டீயோடு நின்றேன்.

"அண்டைக்கு நான் என்ன கேட்டன்?" என்றார் காக்கா.

"தம்பி குடுத்திட்டாரா எண்டு கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஓம் எண்டன்."

"குடுத்திருந்தானா?"

"இல்ல."

தம்பி யன்னலைப் பார்த்துச் சிரித்தார். காக்கா என்னிடம் சொன்னார், "அவனுக்குச் சொல்லு, ஏமாத்தி எடுத்தது கணக்கில்ல எண்டு."

தம்பியும் என்னிடம்தான் சொன்னார், "எப்பிடி எடுத்தாலும் முதல் குடுத்தது ஆரு எண்டு கேளுங்க அவரிட்ட."

ஆறடி தூரத்தில் இருக்கிறார்கள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். தேநீர்த் தட்டை வைத்துவிட்டு அம்ப்ளிபயரைப் போட்டேன். காக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு கசற்றை எடுத்து நீட்டினார். சண்டைக்கு வந்தவர் அதையும் கொண்டுவந்திருந்தார்.

"வாப்பாட. இதப் போடு."

நாடா கொஞ்சம் இழுத்தது, பிறகு சீராக ஓடியது. இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் புல்லாங்குழல், நடுவில் பாட்டு. இருவரும் நடுவிலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசற்றின் ஒரு பக்கம் முடியும்வரை யாரும் தேநீரைத் தொடவில்லை.

முடிந்ததும் காக்கா எழும்பி, நான் கொடுத்த காசை அப்படியே மேசையில் வைத்தார். "என்ட பெட்டிய நான் கொண்டு போறன்."

"அப்ப என்டதையும் தாங்க" என்று தம்பியும் தன் காசை அதன் பக்கத்தில் வைத்தார்.

வாங்கிய சாமான், இரண்டு மாத வேலை, கண்டிக்காரரின் வான். எல்லாம் நெஞ்சில் வந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்ன வாயால் வேறு எதைச் சொல்வது? எந்த முனையில் பூட்ட வேண்டும் என்று பின்னால் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். காக்காவினதில் இடது, தம்பியினதில் வலது. தம்பி கேட்டதால் அந்தப் பாட்டுகளை அவருடைய போனுக்கு மாற்றியும் கொடுத்தேன். இரண்டு ஓட்டோ வந்தது. ஒன்று வடக்கே முகம் பார்த்து நின்றதால் திருப்பி எடுக்க நேரமெடுத்தது. அதுவரை மற்றதும் போகாமல் நின்றது. பிறகு இரண்டும் தெற்கே போயின.

கண்டிக்காரருக்கு உள்ளதை எழுதினேன். "பரவாயில்லை" என்று பதில் வந்தது. அதன் பிறகு குழுவில் நான் போடும் படங்களுக்கு அவர் இலக்கம் கேட்பதில்லை.

பத்து நாளிருக்கும். காக்கா போன் எடுத்தார்.

"என்ன செஞ்ச நீ? ஒங்கட வீட்ட பாடக்குள்ள புல்லாங்குழல் கேட்டிச்சு. இஞ்ச கேக்கல்ல."

"அது மத்தப் பெட்டியில வாறது, காக்கா. தம்பிட்ட இரிக்கி."

அப்படியே விட மனம் வரவில்லை. நான் சொன்னேன், "ஒங்கட வாப்பாட அம்ப்ளிபயர்ல வலப்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இரிக்கி. அமத்தினா ரெண்டு பக்கத்து சத்தமும் ஒரு பெட்டியில வரும்."

"அப்ப அண்டைக்கு மாதிரிக் கேக்குமா?"

"இல்ல. எல்லாம் கேக்கும். ஒரே இடத்தில குவிஞ்சு நிண்டு கேக்கும்."

வேறொன்றும் கேட்காமல் போனை வைத்தார். இந்த முறை பொய் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. களைப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன் தம்பி போன் எடுத்தார். கடையிலிருந்துதான். அவருக்கு வயலின் வரவில்லை. எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவருடைய அம்ப்ளிபயரில் அந்தப் பொத்தான் இல்லை, கம்பியை வேறு மாதிரிப் பூட்ட வேண்டும், வந்து பூட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"காக்காட்ட பொத்தான் இரிக்கா?"

"இரிக்கி."

"அமத்திட்டாரா?"

"தெரியா. நீங்க கேட்டுப் பாருங்க."

"நீங்க ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்களன்."

"இல்ல" என்றேன். "எனக்கு ஏலா. நீங்களே கேளுங்க."

கடையில் யாரோ சம்பா என்ன விலை என்று கேட்பது கேட்டது. அந்த ஆள் இரண்டாம் தரமும் கேட்டார்.

"அவர்ட நம்பர் என்னட்ட இல்லியே" என்றார் தம்பி.

காக்காவின் இலக்கத்தை அவருக்கு அனுப்பினேன். போனை நிறுத்தி மேசையில் வைத்துவிட்டு, பெட்டிகள் நின்ற இடத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன்.